லிஃப்டுல ஒரு ஸ்டூல்

ஆங்... நின்னுருச்சு. பதறாதீங்க சார், பதறாதீங்க. விழுகாது. பதினோரு வருசமா இதுக்குள்ளதான் குடித்தனம் பண்றேன், ஒரு நாளும் விழுந்ததில்ல. நிக்கும். இந்தக் கடையில எல்லாருக்கும் நிக்கிறதுதான் வேலை, லிஃப்டு மட்டும் தப்பிச்சுருமா? ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறோம். கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டர் ரூம்ல இருக்கவரு டீ குடிக்கப் போயிருப்பாரு, வந்து போட்டுருவாரு. பத்து நிமிசம். மிஞ்சிப் போனா இருவது.

அந்த மஞ்ச பட்டனை அமுக்காதீங்க. அது மணி. அடிச்சீங்கன்னா கீழ செக்யூரிட்டி மேல பாத்து ஒரு கும்பிடு போடுவாரு. அம்புட்டுதான் நடக்கும்.

இன்டர்வியூவுக்குத்தானே வந்தீங்க? ஃபைலைப் பாத்தாலே தெரியுதே. சேலை எடுக்க வர்றவன் எவன் சார் ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வருவான்? ஃப்ளோர் மேனேஜர் வேலை, அஞ்சாவது மாடி, மொதலாளி ரூம். நான் கொண்டுபோய் விடுறேன். நீங்க போற வரைக்கும் அவரு எங்கிட்டும் போக மாட்டாரு. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காரு.

என்ன, ஸ்டூலைப் பாக்குறீங்க? தர மாட்டேன் சார். தப்பா நினைக்காதீங்க. கால் வலிச்சா செவுத்துல சாஞ்சுக்கங்க, இங்க சாஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வெளிய கவுண்டர்ல சாஞ்சீங்க, அவ்வளவுதான், கேமராவுல பாத்துட்டு மைக்கைப் போட்டுருவாய்ங்க. "மூன்றாவது தளம், இரண்டாவது கவுண்டர், பச்சை யூனிஃபார்ம், சாயாதீர்கள்." கஸ்டமரு பூராம் திரும்பிப் பாக்கும். யாருடா அந்தப் பச்சைன்னு. எல்லாம் பச்சைதான்.

இந்தக் கட்டடத்துல இருநூத்தி முப்பது பேரு வேலை பாக்குறோம். கேஷ் கவுண்டரை விட்டுட்டா உக்காந்து வேலை பாக்குறது ரெண்டே பேரு. மேல மொதலாளி. உள்ள மாயழகு. மாயழகு நான்தான்.

ஏன் எனக்கு மட்டும் ஸ்டூலுன்னு கேக்கணுமே? கேளுங்க. சும்மா கேளுங்க சார், வாயைத் தொறந்து பேசினா நேரம் போகும்ல.

நான் மிமிக்ரி பண்ணுவேன். படிப்பு எட்டாப்பு. அதுலயும் எட்டாப்பு வாத்தியாரு மாதிரி பேசுனதுக்காகத்தான் வெளிய அனுப்புனாய்ங்க. இங்க லிஃப்டுல மொதல்ல ஒரு பொம்பளை குரல் ரிக்கார்டு பண்ணி வச்சிருந்தாய்ங்க. அது ரிப்பேராப் போச்சு. அப்ப இருந்து நான்தான். "மூன்றாவது தளம். காட்டன் சேலைகள், சுடிதார், நைட்டிகள். கதவு திறக்கிறது." எப்படி? கஸ்டமரு மேல ஸ்பீக்கரைத் தேடுவாங்க சார்! நான் மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டு நிப்பேன். அப்ப நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஒரு நாளு மொதலாளி மாதிரியே பேசி, சரக்கு ஏத்த வந்த மூணு பேரைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருக்கேன், கதவு தொறக்குது, எதுத்தாப்புல மொதலாளி. செத்தேன்டான்னு நினைச்சேன். அவரு உள்ள வந்தாரு. மத்த மூணு பேரும் எறங்கி ஓடிட்டாய்ங்க. அஞ்சாவது மாடி வந்துச்சு. கதவு தொறந்ததும் சொன்னாரு. "என்னைச் செய்யாத. மத்தவனைச் செய். சாயங்காலம் மூணரைக்கு என் ரூமுக்கு வா."

இதை அவரு குரல்ல சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன். அவரு சொன்னதைப் பூராம் இப்படி மொட்டையாத்தான் சொல்லுவேன், நீங்களே குரலைப் போட்டுக்கங்க.

அன்னைக்குப் புடிச்ச பழக்கம். தினம் மூணரைக்கு மேல போவேன். மொதலாளிக்கு காப்பியும் உளுந்த வடையும் வரும். நான் எதுக்க நின்னு அஞ்சு நிமிசம் செய்வேன். கீழ யாரு யாரு என்ன பேசுனாங்களோ அவங்க குரல்ல அப்படியே. அவரு சிரிப்பாரு. சிரிச்சா வயிறு மட்டும்தான் ஆடும், சத்தம் வராது. ஒரு வாரத்துல ஸ்டூலு வந்துருச்சு. "மாயழகு உக்காந்துக்கட்டும்." அதோட அதுவரைக்கும் ஸ்டாஃப் லிஃப்டுல போகக்கூடாதுன்னு ரூலு. அதையும் மொதலாளியே எடுத்துட்டாரு. "பாவம், கால் வலிக்கும், எல்லாரும் லிஃப்டுலயே போகட்டும்"ன்னாரு. எம்புட்டு பெரிய மனசு பாருங்க.

நான் கோள் சொன்னதே இல்ல சார். அதை மட்டும் நல்லாக் கேட்டுக்கங்க. இன்னார் இன்னது சொன்னான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. குரல்தான் செஞ்சேன். குரலு வரணும்னா அதுக்குள்ள வார்த்தை இருக்கணும்ல? வெறுங்குரலை எப்படிச் செய்யிறது, மாடா நானு? அவங்க பேசுன வார்த்தையைத்தான் போடுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தொழில் சுத்தம்.

ஏன் தலையை ஆட்டுறீங்க? சரி, சரி. ஆடட்டும்.

போன ஆடி மாசம், தள்ளுபடிக் கூட்டம் தொடங்குற நேரம், உங்க வேலைக்கு ஒருத்தர் வந்தாரு. பாக்கியநாதன் சாரு. திண்டுக்கல்லு பக்கம். அம்பது வயசு, முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. அதனால பேசினா கடைசியில ஒரு விசிலு வரும். பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு கனைப்பு. முடிக்கையில "தப்பில்லையே?" கேளுங்க. "க்ஹும் க்ஹும். அம்மா, தண்ணி குடிச்சுட்டு வந்து நில்லுங்கம்மா. தப்பில்லையேஸ்ஸ்?"

சிரிக்கிறீங்க பாத்தீங்களா! மொத நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்த ஆளு ஒரு பொக்கிசம்னு.

காலையில கடை தொறக்கும் முன்னாடி எல்லாரும் கீழ கூடி நின்னு மூணு தடவை கை தட்டி, வாடிக்கையாளரே வாழ்க்கைன்னு சொல்லணும். இது மொதலாளி வச்ச மொறை. பாக்கியநாதன் சாரு வந்து, கை தட்டி முடிச்சதும் கேட்டாரு, "யாருக்கெல்லாம் கால் வலிக்குது?" ஒருத்தியும் வாயத் தொறக்கல. பதினோரு வருசத்துல ஒரு மேனேஜரு அப்படிக் கேட்டதில்லையே, இது ஏதோ பொறின்னு நினைச்சாளுக. அவரு எல்லார் காலையும் குனிஞ்சு பாத்தாரு. என் வீட்டுக்காரி கிட்ட வந்ததும் நின்னுட்டாரு.

என் வீட்டுக்காரியும் இங்கதான் சார். லோகமணி. மூணாவது மாடி, காட்டன் சேலை. ஒம்போது வருசம். அவளுக்கு எடது கால்ல நரம்பு புடைச்சுக்கிட்டு, நீலமா, மண்புழு சுருண்டாப்ல இருக்கும். இந்தக் கடையில பாதிப் பொம்பளைகளுக்கு இருக்கும். சாக்ஸைப் போட்டு மறைச்சுக்கிருவாளுக.

உக்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்துச்சுல்ல, கடையில வேலை பாக்குறவங்களுக்கு? எங்க மொதலாளி சட்டத்தை மீற மாட்டாரு. அந்த மாசமே நாப்பது ஸ்டூலு வாங்கிட்டாரு, நீல கலரு. ஆபீசருக வந்தாங்க, எல்லாப் புள்ளைகளும் உக்காந்து சிரிச்சாளுக, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. மறுநாளு அந்த ஸ்டூலு பூராம் பொம்மைக்குப் போயிருச்சு. சேலை கட்டி நிப்பாட்டியிருக்குல்ல கீழ, அதுக எல்லாம் எது மேல நிக்குதுன்னு நினைச்சீங்க? தூக்கி நிப்பாட்டுனா சேலை எடுப்பாத் தெரியுதாம்.

பாக்கியநாதன் சாரு ரெண்டு தடவை மேல போய்க் கேட்டாரு. மொதலாளி ரெண்டு தடவையும், "பாக்குறேன் பாக்கியநாதன், நல்ல யோசனை"ன்னாரு. நல்ல யோசனைன்னு மொதலாளி சொல்லிட்டா அதுக்கு மேல அது நடக்காது. நீங்களும் ஞாபகம் வச்சுக்கங்க.

அதனால அவரா ஒரு வேலை பண்ணாரு. மூணாவது மாடியில நாலு ட்ரயல் ரூமு இருக்கு. துணி போட்டுப் பாக்குற எடத்துல மட்டும் கேமரா வைக்க முடியாதுல்ல? நாலாம் நம்பரு கதவுல "பழுது"ன்னு ஒரு போர்டை மாட்டிட்டாரு. உள்ள ஒரு ஸ்டூலு. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கூட்டம் இருக்காது. அந்த நேரத்துல ஆளுக்குப் பத்து நிமிசம். ஒருத்தி உள்ள போயி உக்காருவா, வெளிய ஒருத்தி காவலு. கஸ்டமரு கேட்டா, கண்ணாடி ஒடஞ்சிருக்குங்கக்கான்னு சொல்லிருவா.

இது எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னாருல்ல, இந்தா, நீங்க நிக்கிற எடத்துல நின்னுதான் சொன்னாரு. இந்தப் பக்கம் லோகமணி. நான் இப்படி உக்காந்திருக்கேன். "க்ஹும் க்ஹும். லோகமணிம்மா, உங்களுக்கு ரெண்டு மொறை போட்டிருக்கேன். காலை செவுத்துல தூக்கி வச்சுக்கங்க. மொதலாளி கேட்டா நான் பாத்துக்கிடுறேன். தப்பில்லையேஸ்ஸ்?" லோகமணி என்னைப் பாத்தா. அவ கண்ணுல தண்ணி. "அண்ணே, உங்களுக்கு எதுவும் வந்துறாதே?"ன்னா. அவரு சொன்னாரு, "மகளுக்கு நர்சிங் கடைசி வருசம்மா. அடுத்த சித்திரை வரைக்கும் இந்த வேலை எனக்குக் கண்டிப்பா வேணும். அதனால சூதானமா இருங்க." அப்பறம் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "மாயழகு நம்ம ஆளுதானே."

நான் ஆமாங்க சார்ன்னேன். ஆமாதானே? நான் அவரோட ஆளுதான்.

என்ன சார் கேட்டீங்க? ஓ, பாட்டா? ஆமா, நாதஸ்வரம் கேக்கத்தான் செய்யும். ஸ்பீக்கருக்குத் தனி லைனு. ஃபேனும் பேட்டரி, லைட்டும் பேட்டரி. நல்லாக் கவனிக்கிறீங்க நீங்க. மேனேஜருன்னா அப்படித்தான் இருக்கணும்.

புரட்டாசி மாசம் வந்துச்சு. எனக்குச் சரக்கு தீந்து போச்சு. எம்புட்டு நாளைக்குத்தான் கேஷியரு தும்முறதையும் டெய்லரு கொட்டாவி விடுறதையும் செய்யிறது? மொதலாளி வடையைப் பிச்சுக்கிட்டே, "என்னய்யா, எல்லாம் ஊசிப்போன ஐட்டமா இருக்கு, கீழ ஒரு பொம்மை பத்தாம நிக்குதாம், உன் ஸ்டூலைக் குடுத்துருவமா?"ன்னாரு. வெளையாட்டுக்குத்தான். ஆனா ஸ்டூலாச்சே. சரின்னு பாக்கியநாதன் சாரை எறக்குனேன். கனைச்சேன், விசிலடிச்சேன். மொதலாளிக்கு காப்பி மூக்குல ஏறிருச்சு சார்! அப்படி ஒரு சிரிப்பு! சத்தம் வந்துச்சு அன்னைக்கு! "இன்னும், இன்னும்"ங்கிறாரு. நான் என்ன செய்வேன், அவரு பேசுனதுல எனக்கு நல்லா மனப்பாடமானது அந்த லிஃப்டுல பேசுனதுதான். கனைப்பு, ரெண்டு மொறை, செவுத்துல காலு, மகளுக்கு நர்சிங்கு, சூதானம், எல்லாத்தையும் அச்சுப் பிசகாம. லோகமணி அழுகுறதைக் கூடச் செஞ்சேன். ஒரே ஆளு ரெண்டு குரலு மாத்தி மாத்திச் செய்யிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

மொதலாளி சிரிப்பை நிப்பாட்டிட்டாரு. "எந்த ரூமு?"ன்னாரு.

நான் இன்னும் அந்தக் குரலை விட்டு வெளிய வரல சார். ஐட்டம் சூடா ஓடிக்கிட்டு இருக்குல்ல. "க்ஹும் க்ஹும். நாலாம் நம்பருங்க மொதலாளி. தப்பில்லையேஸ்ஸ்?"

அவரு கைதட்டுனாரு.

வேலையை விட்டுத் தூக்கிட்டாரான்னு கேக்குறீங்களா? இல்லியே! அதான் எங்க மொதலாளி. யாரையும் தூக்க மாட்டாரு. மறுநாளு காலையில எல்லாரும் கூடி நிக்கையில அவரே கீழ எறங்கி வந்தாரு. ஒரு நீல ஸ்டூலைக் கொண்டாரச் சொன்னாரு. "பாக்கியநாதன், நீங்க உக்காருங்க. உக்காரணும்னு உங்களுக்கு ரொம்ப ஆசையாமே." அவரு முழிக்கிறாரு. உக்காந்தாரு. மைக்கை என் கையில குடுத்தாரு மொதலாளி. "நேத்து எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லு."

இருநூத்தி முப்பது பேரு சார். அம்புட்டு பெரிய கூட்டத்துக்கு முன்னாடி நான் செஞ்சதே இல்ல. செஞ்சேன். மொதல்ல சிரிப்பு வரல, பயந்து நின்னாளுக. அந்த விசிலு வந்துச்சு பாருங்க, எவளோ ஒருத்தி களுக்குன்னா. அப்பறம் குபீர்னு. அவரு ட்ரயல் ரூம்ல யாரையெல்லாம் உக்கார வச்சாரோ அந்தப் புள்ளைகளே சிரிச்சாளுக. அடக்க முடியாது சார், அவரு பக்கத்துலயே வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு, குரலு என் வாயில இருந்து வருது. பொம்மையை மடியில வச்சுப் பேசுவாய்ங்கள்ல, அந்த மாதிரி. லோகமணி மட்டும் சிரிக்கல. அவளுக்கு எப்பவுமே என் ஐட்டம் அவ்வளவா ரசிக்காது.

மொதலாளி சொன்னாரு. "இனி பாக்கியநாதன் பேசிக் கஷ்டப்பட வேண்டாம். குரலு ஒண்ணுதானே, மாயழகு பேசட்டும். நீங்க மூணாவது மாடியில, நாலாம் நம்பர் ரூம் வாசல்ல, உக்காந்துக்கங்க. கடை தொறந்ததுல இருந்து சாத்துற வரைக்கும். எந்திரிச்சா வேலை இல்ல." அவருக்குத்தான் சித்திரை வரைக்கும் வேலை வேணுமே. மொதலாளிக்குத் தெரியும்ல.

தீபாவளி வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. தினம் காலையில நான் அவரு குரல்ல உத்தரவு போடுவேன், "க்ஹும் க்ஹும், இன்னைக்கு யாரும் தண்ணி குடிக்கப் போக வேண்டாம்"ன்னு. சிரிச்சுக்கிட்டே கேட்டாளுக. அவரு அங்கிட்டு மூணாவது மாடியில நடைபாதைக்கு நடுவுல உக்காந்திருப்பாரு. சுத்தி எல்லாரும் நிப்பாங்க. உக்காந்தே இருக்குறதும் கஷ்டம்தான் போல சார், ரெண்டு வாரத்துல ஆளு மொகமே மாறிப் போச்சு. கஸ்டமரு பையை அவரு மடியில வச்சுட்டுப் போகும். ஒரு அக்கா பொம்மைன்னு நினைச்சு அவரு சட்டைக் காலரைத் தடவிப் பாத்து, இது எந்த செக்ஷன்னு கேட்டுச்சு. அதை நான் மூணரைக்குச் செஞ்சேன், பயங்கர ஹிட்டு.

நாலாம் நம்பரு ரூம்ல போர்டை எடுத்துட்டாய்ங்க. ஒருத்தியும் உக்காரல அதுக்கப்பறம்.

தீபாவளிக்கு நாலு நாளைக்கு முன்னாடி. சனிக்கிழமை. எள்ளு போட்டா எள்ளு விழுகாது. நான் கீழ தரையில, லிஃப்டுக்குள்ள, ஆளு ஏத்திக்கிட்டு இருக்கேன். திடீர்னு மைக்குல பாக்கியநாதன் சாரு குரலு. "மாயழகு! லிஃப்டை அனுப்பு! மூணாவது மாடிக்கு லிஃப்டை அனுப்பு! லோகமணிக்கு ரத்தம் நிக்கல! யாராச்சும் வாங்க!"

கடை பூராம் சிரிச்சுச்சு சார். கேஷ் கவுண்டர்ல, பில்லிங்ல, பேக்கிங்ல, எல்லாரும். "மாயழகு ஆரம்பிச்சுட்டான்டா!"ன்னு. மொதலாளியும் மேல சிரிச்சிருப்பாரு.

ஆனா நான் இங்கல்ல இருக்கேன்? எனக்குச் சுருக்குன்னுச்சு. எவன்டா நம்ம ஐட்டத்தைத் திருடுறதுன்னு. உண்மையைச் சொல்றேன், ஆத்திரம் தாங்கல. அதுவும் சரியாச் செய்யல சார். கனைப்பு இல்ல, விசிலு இல்ல, தப்பில்லையேவும் இல்ல. வெறும் கத்தலு. இவனெல்லாம் ஒரு ஆளுன்னு மைக்கைப் புடிச்சுட்டான் பாருன்னு நினைச்சுக்கிட்டு, லிஃப்டை வேணும்னே கீழயே போட்டுட்டு உக்காந்துட்டேன். வரவே மாட்டேன், நீயே கத்துன்னு.

மூணு தடவை கூப்புட்டுச்சு. அப்பறம் நின்னு போச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சு படிக்கட்டுல கூட்டம் ஒதுங்குது. பாக்கியநாதன் சாரு எறங்கி வர்றாரு. தோள்ல லோகமணி. அவரு வெள்ளைச் சட்டை எடது பக்கம் பூராம் செவப்பு. அவ கால்ல இவரோட பெல்டைப் போட்டு இறுக்கியிருக்கு. அந்த நரம்பு வெடிச்சுப் போச்சு சார், நின்னுக்கிட்டே இருக்கையில. ஒரு கல்யாண வீட்டுக்காரங்களுக்குச் சேலை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கா, சாக்ஸு நனையிறதே அவளுக்குத் தெரியலையாம், கஸ்டமருதான் கத்தியிருக்கு. இவரு ஸ்டூலை விட்டு எந்திரிச்சு மைக்கைப் பாத்து ஓடியிருக்காரு.

லிஃப்டைத் தாண்டிப் போனாரு. என்னைப் பாத்தாரு. நான், "சார், நீங்கதானா அது?"ன்னேன். அவரு வாயத் தொறக்கல. அதான் எனக்கு இன்னும் வருத்தம். திட்டியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை? பல்லைக் கடிச்சு மூடிக்கிட்டுப் போனாரு. அன்னைக்குப் போனவருதான். எந்திரிச்சா வேலை இல்லன்னு சொல்லியிருக்குல்ல.

லோகமணி பொழைச்சுட்டா சார். பெரியாஸ்பத்திரியில இருபத்தி மூணு நாளு. இப்ப நிக்க முடியாது, வீட்டோட உக்காந்திருக்கா.

ச்சேன்னு சொல்றீங்க. சொல்லுங்க, சொல்லுங்க. அந்த "ச்சே" நல்லா இருக்கு, நாக்கை மேல ஒட்டி எடுக்குறீங்க. சரி, நீங்க கேளுங்க, மொதலாளி என்ன சொன்னாருன்னு.

மறுநாளு மூணரைக்குக் கூப்புட்டாரு. "மைக்குல கத்துனானே, அதைச் செய்"ன்னாரு. நான் கொஞ்சம் தயங்குனேன். குரலு கஷ்டம், கனைப்பு இல்லாம அந்த ஆளைப் புடிக்கணுமே. செஞ்சேன். "லோகமணிக்கு ரத்தம் நிக்கல, யாராச்சும் வாங்க." மொதலாளி சிரிக்கல. வடையைத் தட்டுல வச்சுட்டாரு. "ஏன்யா, அது உம் பொண்டாட்டிதானே?"ன்னாரு. ஆமாங்க மொதலாளின்னேன். அப்பத்தான் சிரிச்சாரு பாருங்க! கண்ணுல தண்ணி வழிய வழிய, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. என் சர்வீசுலயே அப்படி ஒரு கைதட்டு வாங்குனதில்ல.

என்ன சார்? என்ன சொன்னீங்க? காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

"அதாவது, அவரெல்லாம் ஒரு மனுசனா?"

ம். எங்க, இன்னொரு தடவை? அந்த "அதாவது" போடும்போது கண்ணாடியை ஏத்தி விடுறீங்கள்ல, அதோட சொல்லுங்க. ஆங். நல்லது.

என் கொறையைச் சொல்லி முடிச்சுர்றேன். அதுக்கப்பறம் ஒரு பயலும் லிஃப்டுல பேச மாட்டேங்கிறான் சார். ஸ்டாஃப் பூராம் படிக்கட்டுல போறாளுக, கால் வீங்குனாலும் சரின்னு. தப்பித் தவறி உள்ள வந்தா உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு வெரல்ல மாடியைக் காட்டுறாளுக. மூணு, நாலுன்னு. வீட்டுலயும் அதேதான். லோகமணி ரெண்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு வேணுமான்னு கேக்க மாட்டா, தட்டைத் தள்ளி விடுவா. பக்கத்து வீட்டு அக்காகிட்ட நல்லாப் பேசிக்கிட்டு இருப்பா, நான் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா கப்சிப். வலிச்சாக் கூட மொனக மாட்டா சார். நான் எடுத்துக்கிருவேன்னு. அப்படி நான் என்ன பண்ணிட்டேன்? சொல்லுங்க. ஒருத்தரைத் தொட்டிருப்பனா? அடிச்சிருப்பனா? சிரிக்க வச்சேன்.

மொதலாளி வேற, மூணரைக்கு மூணரை கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறேன்னு கடுப்புல இருக்காரு. போன வாரம் ஒரு ஆளை விட்டு இந்த ஸ்டூலை அளந்துட்டுப் போகச் சொல்லியிருக்காரு. புதுசா பொங்கலுக்கு பொம்மை வருதாம். எனக்கும் வயசு நாப்பத்தெட்டு ஆச்சு. இனிமே நான் நின்னு பழகணும்னா முடியுமா?

அதனாலதான் சார், புதுசா மேனேஜரு வேலைக்கு ஆளெடுக்கப் போறாருன்னு தெரிஞ்சதும் நானே மொதலாளிகிட்ட யோசனை சொன்னேன். வர்றவங்களை மொதல்ல எங்கிட்ட விடுங்க, ஆளு எப்படின்னு நான் செஞ்சு காட்டுறேன்னு. நல்ல யோசனைன்னாரு. இந்த ஒரு தடவை நடந்துருச்சு. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாய்ங்க. ஒருத்தன் இருவது நிமிசமும் போனையே பாத்துக்கிட்டு இருந்தான், ஒருத்தன் கதவைத் தட்டித் தட்டி அழுதான், இன்னொருத்தன் ஊமை மாதிரி உம் கொட்டுனான். ஒண்ணும் தேறல. நீங்கதான் சார் மனசு விட்டுப் பேசுனீங்க.

ஏன் திடீர்னு வாயைப் பொத்துறீங்க?

கையை எடுங்க சார், முடிஞ்சுருச்சு. இந்தா, சாவி என் பாக்கெட்டுலதான் இருக்கு. இப்படி ஒரு திருப்பு. கரண்டெல்லாம் போகல. கெளம்பிருச்சா? மூணு... நாலு... "ஐந்தாவது தளம். நிர்வாக அலுவலகம். கதவு திறக்கிறது."

எறங்குங்க. அந்த ஓரமா நில்லுங்க. அங்க சேர் கெடக்கும், உக்காந்துராதீங்க, கேமரா இருக்கு. நான் மொதல்ல உள்ள போயிட்டு வந்துர்றேன், ரெண்டு நிமிசம்.

உள்ள உங்க குரலு கேக்கும். பதறாதீங்க. அது நான்தான்.